பாஸ்போர்ட் சைஸ் படத்தை 12×15 ஆக்க கேனான் லைடு 400 போதுமா?

பெரியவர் காலமான வீட்டில் பதினாறாம் நாளுக்குள் ஃப்ரேம் போட்ட படம் வேண்டும் என்று பேச்சு வந்ததும் தேடல் தொடங்கும். பீரோ லாக்கர், பழைய சூட்கேஸ், பாங்க் பாஸ்புக் என்று துழாவினால், ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு எடுத்ததில் மிஞ்சிய ஒற்றைப் பாஸ்போர்ட் சைஸ் படம்தான் பெரும்பாலும் அகப்படும். மூலையில் ஸ்டேப்ளர் துளை இருக்கும், கன்னத்தருகே ஊதா முத்திரை இருக்கும். அதை ஸ்டுடியோவில் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் 12×15 அங்குலப் படம் வந்துவிடுகிறது. வந்த படத்தில் இருப்பவர் அந்தப் பெரியவர்தானா என்பதில்தான் சண்டை. மச்சம் போயிருக்கும், தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கும், கண்ணில் வேறு யாரோ எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த வேலையை வீட்டிலேயே ஒழுங்காகச் செய்ய ஒரு ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர் முதலில் காட்டுவது கேனான் கேனோஸ்கேன் லைடு 400. தட்டையான, நல்ல நிலையில் உள்ள சின்னப் படங்களுக்கு இது தாராளமாகப் போதும். சுருண்ட படம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம், பட்டுத்துணி போலப் புள்ளியிட்ட பேப்பரில் அச்சான படம் ஆகிய மூன்றிலும் இது திணறும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 4800 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்ற எண்ணை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். அந்த எண்ணுக்கும் இந்த வேலைக்கும் அதிகத் தொடர்பில்லை.

கருவி எளிமையானது. ஏ4 கண்ணாடி, ஒன்றே முக்கால் கிலோவுக்குள் எடை. தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஸ்கேனர் பக்கம் டைப்-சி துளை இருக்கிறது. இடமில்லாவிட்டால் பின்னால் உள்ள தாங்கியை இழுத்து நிமிர்த்தி நிறுத்தியும் ஸ்கேன் செய்யலாம், ஆனால் சின்னப் படங்கள் சரிந்துவிடும் என்பதால் நம் வேலைக்கு அந்த வசதி உதவாது. ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் எட்டு விநாடியில் முடிக்கும் என்பது கேனான் கணக்கு. படங்களுக்கு வைக்கும் அமைப்பில் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. லேப்டாப்பில் யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகினால் மின்சாரம் போதாமல் பாதியில் நின்றுவிடக்கூடும். நேரடியாகச் செருகுங்கள்.

இனி டிபிஐ கணக்கு. பாஸ்போர்ட் சைஸ் படம் 3.5 × 4.5 சென்டிமீட்டர், அதாவது சுமார் 1.38 × 1.77 அங்குலம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 827 × 1063 பிக்சல் கிடைக்கும். 1200-ல் 1654 × 2126. 4800-ல் 6614 × 8504, அதாவது 5.6 கோடிப் பிக்சல், ஃபைல் 170 எம்பி வரை போகும். கடைசி எண்ணைப் பார்த்தால் சுவர் அளவுக்கே பெரிதாக்கலாம் போலத் தோன்றும். ஆனால் படத்தில் இல்லாததை ஸ்கேனர் எங்கிருந்து கொண்டுவரும்? டிஜிட்டல் கேமராவில் எடுத்து மினிலேபில், அதாவது கடையின் தானியங்கி அச்சு மெஷினில், போட்ட படம் என்றால் அது அச்சானதே 300 டிபிஐ அளவில்தான். அந்தப் பாஸ்போர்ட் படத்துக்குள் இருக்கும் உண்மையான விவரம் சுமார் 413 × 531 பிக்சல். அதை 600-ல் எடுத்தால் ஒன்றும் விடுபடாது, தேவைக்கு இரண்டு மடங்கு. 2400-ல் எடுத்தால் பேப்பரின் நாரும் தூசியும் கீறலும்தான் கூடுதலாகத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். படத்தில் கண் உள்ள பகுதியை மட்டும் 600, 1200, 2400 என்று மூன்று முறை எடுங்கள். 600-ல் எடுத்ததை மென்பொருளில் நான்கு மடங்காக்கி, 2400-ல் எடுத்ததன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இமை முடி இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் 600-க்கு மேல் போவது வீண். 2400-ல் மட்டும் முடி தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் படத்தில் சரக்கு இருக்கிறது, மேலே போகலாம்.

அப்படிச் சரக்குள்ள படங்கள் பழைய கறுப்பு வெள்ளையில்தான் கிடைக்கும். ஓரம் ரம்பப்பல் போல வெட்டிய சின்னப் படங்கள் பல வீடுகளில் உண்டு. அவற்றில் பல காண்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவைப் பேப்பர் மேல் அப்படியே வைத்து ஒளி காட்டி எடுத்தவை. நடுவில் என்லார்ஜர் லென்ஸ் இல்லை, பிக்சல் என்ற பேச்சே இல்லை. நெகட்டிவில் இருந்த கூர்மை முழுக்கப் பேப்பருக்கு இறங்கியிருக்கும். ஸ்டுடியோவில் குவார்ட்டர் பிளேட்டில் எடுத்த படம் 3¼ × 4¼ அங்குலம். அதன் காண்டாக்ட் பிரிண்டை 1200 டிபிஐயில் எடுத்தால் 3900 × 5100 பிக்சல். 300 டிபிஐயில் அச்சடித்தால் 13 × 17 அங்குலம் வரும், எந்த மாயமந்திரமும் தேவையில்லை. அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் எடுத்த 6 × 6 சென்டிமீட்டர் படமும் 1200-ல் சுமார் 2830 பிக்சல் தரும், 9 அங்குலத்துக்குக் கணக்கு சரி. ஆனால் அந்தக் கேமராவின் லென்ஸே சாதாரணம். நடுவில் முகம் கூர்மையாக இருக்கும், ஓரத்தில் நிற்பவர்கள் மங்கலாகத்தான் இருப்பார்கள். அது ஸ்கேனரின் குற்றமில்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற பேப்பரில் அச்சான கறுப்பு வெள்ளைப் படங்களையும் இதே கணக்கில் 1200-ல் முயலலாம்.

நெகட்டிவே கையில் இருந்தால் பிரிண்டைத் தொடவே வேண்டாம். அதற்கு லைடு உதவாது, நெகட்டிவுக்கான பின்விளக்கு இதில் இல்லை.

லைடின் பலவீனம் அதன் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. இது சிஐஎஸ் வகை. கண்ணாடிக்கு மிக அருகில் ஒரு வரிசைச் சென்சார் நகரும். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஊசிமுனை போலத் தெளிவாக எடுக்கும். ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பினாலே மங்கத் தொடங்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் எந்தப் பக்கம் சுருளும் என்பது தெரிந்ததுதான், நான்கு ஓரமும் உள்நோக்கி வளையும். அதைக் குப்புற வைத்தால் ஓரங்கள் கண்ணாடியைத் தொடும், நடுவில் இருக்கும் முகம் எழும்பி நிற்கும். காது தெளிவாகவும் மூக்கு மங்கலாகவும் ஒரு ஸ்கேன் வந்தால் காரணம் இதுதான்.

சுருளை எடுக்க அவசரப்படக் கூடாது. இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். எதிர்ப்பக்கம் மடித்து நிமிர்த்தப் பார்த்தால் படத்தின் மேல்பூச்சு வெடித்துக் கோடுகோடாகப் பிளந்துவிடும், பிறகு ஒட்ட வழியில்லை. அவசரம் என்றால் ஸ்கேனர் மூடியின் மேல் ஒரு டிக்ஷனரி வைத்தால் ஓரளவு படியும். பளபளப்பான படத்தை அதிகமாக அழுத்தினால் வேறு தொல்லை வரும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே உள்ள நூலிழைக் காற்றில் வானவில் வளையங்கள் தோன்றி ஸ்கேனிலும் பதியும். அப்படி வந்தால் படத்தின் நான்கு ஓரத்துக்கும் அடியில் சன்னமான தாள் பட்டைகளை வைத்து ஒரு தாள் கனத்துக்கு மட்டும் தூக்குங்கள். அந்த அளவைச் சிஐஎஸ் தாங்கும். மழைக்காலத்தில் பழைய படத்தைக் கண்ணாடி மேல் அழுத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

ஃப்ரேம் கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டிப்போன படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளத்தில் நனைந்த வீடுகளில் இது சாதாரணம். பிய்த்து எடுக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்வதே வழி. ஃப்ரேம் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் தடிமன் என்றால் லைடு அதைத் தாண்டித் தெளிவாகப் பார்க்காது. இங்கேதான் எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 முந்துகிறது. அது சிசிடி வகை. உள்ளே கண்ணாடிகளும் லென்ஸும் இருப்பதால் சில மில்லிமீட்டர் தள்ளியிருப்பதையும் தெளிவாக எடுக்கும். நெகட்டிவும் எடுக்கும், 35 எம்எம், 120 இரண்டுக்கும் ஹோல்டர் உண்டு. கீறல் நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி நெகட்டிவுக்கும் பிரிண்டுக்கும் இருக்கிறது, ஆனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அது வேலை செய்யாது, படத்தின் வெள்ளியையே தூசி என்று நினைத்துக்கொள்ளும். வி600 நான்கு கிலோவுக்கு மேல் எடை, தனி அடாப்டர், விலையோ லைடைப்போலப் பல மடங்கு. பெட்டியில் 6400 டிபிஐ என்றிருக்கிறது. நெகட்டிவில் அது உண்மையாகப் பிரித்துக் காட்டுவது அதில் கால்வாசி அளவுதான். பத்துப் படம் எடுக்க இதை வாங்குவது கொசு அடிக்கக் கோடாலி எடுப்பது. தாத்தா காலத்து நெகட்டிவ் டப்பா ஒன்று முழுதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

லைடில் எடுக்கும் முறைக்கு வருவோம். ஸ்கேனர் கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும், கண்ணாடி மேல் தெளித்தால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். படத்தை ஊதுபந்தால் ஊதினால் போதும், ஈரத்துணி கூடவே கூடாது. ஸ்டேப்ளர் பின் இருந்தால் பின்பக்கம் இரண்டு கால்களையும் நிமிர்த்திவிட்டு முன்பக்கமாக எடுங்கள். விண்ணப்பத் தாளில் பசையோடு ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம், தாளோடு வைத்தே எடுக்கலாம். கண்ணாடியின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் ஓரம் வெட்டுப்படும். படத்தின் பின்னால் பேனா எழுத்தோ ஸ்டுடியோ முத்திரையோ இருந்தால் அது முன்பக்கம் நிழலாகத் தெரியும். ஸ்கேனர் மூடியின் உட்பக்கம் வெள்ளை என்பதால் அந்த நிழல் இன்னும் கூடும். படத்தின் மேல் ஒரு கறுப்பு சார்ட் தாளை வைத்துவிட்டு மூடினால் போய்விடும்.

விண்டோஸில் கேனானின் ஸ்கேன் மென்பொருளான ஐஜே ஸ்கேன் யூட்டிலிட்டியின் ‘ஆட்டோ’ பட்டனைத் தொடாமல், அதிலுள்ள ஸ்கேன்கியரைத் திறந்து, அட்வான்ஸ்டு மோடுக்குப் போங்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே எடுக்க வேண்டும், காரணம் கீழே வரும். டிபிஐ மினிலேப் படத்துக்கு 600, பழைய காண்டாக்ட் பிரிண்டுக்கு 1200. அன்ஷார்ப் மாஸ்க், தூசி நீக்கம், ஃபேடிங் கரெக்ஷன், கிரெயின் கரெக்ஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவற்றை அங்கே போட்டால் திரும்ப எடுக்க முடியாது. தூசி நீக்கம் கண்ணில் உள்ள வெள்ளைப் புள்ளியையும் தூசியாக எடுத்துவிடும், அந்தப் புள்ளி போனால் பார்வையே போய்விடும். டீஸ்க்ரீன் என்பது பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் போன்ற ஆஃப்செட்டில் புள்ளிபுள்ளியாக அச்சான படத்துக்கு மட்டும். சேமிப்பது தரம் குறையாத டிஃப் ஃபைலாக. ஸ்கேனில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வந்தால் அது படத்தில் இல்லை. கண்ணாடியின் தொடக்க ஓரத்தில் தூசி உட்கார்ந்திருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

கலரில் எடுக்கச் சொன்னதன் பலன் முத்திரையில் தெரியும். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் கலர்ஸ் மெனுவில் கம்போனென்ட்ஸ், அதில் டீகம்போஸ் கொடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே படம் மூன்று கறுப்பு வெள்ளைப் படமாகப் பிரியும். ஊதா, நீல முத்திரை மை பச்சையில் கருகருவென்று இருக்கும், நீலத்தில் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்து மேல் சீல் விழுந்திருந்தால் நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பக்கத்துத் தோலை நகலெடுத்துப் பூசும் குளோன் டூலில் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். மஞ்சள் கறை, பூஜையறைப் படத்தில் வைத்த சந்தனம், குங்குமம் இவற்றுக்குச் சிவப்பு. குங்குமப் பொட்டு அடியில் மறைந்திருந்த நெற்றி சிவப்பு சேனலில் வெளிவருவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பொட்டு தடித்துப் பூசப்பட்டிருந்தால் ஓரளவுதான் வரும். ஸ்கேனரைக் கறுப்பு வெள்ளைக்கு வைத்திருந்தால் இந்த வழியெல்லாம் அடைபட்டுப் போயிருக்கும்.

எழுபது எண்பதுகளின் கலர் படங்கள் ஆல்பத்தில் கிடந்தே சிவந்துபோயிருக்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுப்பதால் வருவது அது. கிம்ப்பின் லெவல்ஸ் கருவியில் மூன்று நிறத்தையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் இரு முனையையும் வரைபடம் தொடங்கும் இடத்துக்கு நகர்த்தினாலே முக்கால் பங்கு திரும்பிவிடும். வேட்டியோ வெள்ளைச் சுவரோ படத்தில் இருந்தால் அதை வெள்ளையாக்குங்கள், தோல் தானாக வரும்.

பட்டுப் பேப்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைவிரலால் தடவினால் சொரசொரப்பாக, சாய்த்துப் பார்த்தால் தேன்கூடு போல மின்னும் பேப்பர். எழுபது எண்பதுகளின் கல்யாண ஆல்பங்களில் இதைப் பார்க்கலாம். ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்தே விழுவதால் ஒவ்வொரு மேடும் ஒரு நிழல் தரும். 12×15 ஆக்கும்போது முகமெல்லாம் மீன் செதில். இதற்குக் கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. படத்தை ஒருமுறை எடுங்கள், 180 டிகிரி திருப்பி வைத்து மறுமுறை எடுங்கள். இரண்டாவதை மென்பொருளில் நேராக்கி முதலாவதன் மேல் லேயராகப் போடுங்கள். லேயர் மோடை ‘டிஃபரன்ஸ்’ ஆக்கினால் இரண்டும் சரியாகப் பொருந்தும்போது திரை கறுப்பாகும், அதுவரை அசைத்துப் பொருத்துங்கள். பிறகு மோடை ‘நார்மல்’ ஆக்கி ஒப்பாசிட்டியை (மேல் லேயர் அடியிலுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவை) 50 வையுங்கள். முதல் ஸ்கேனில் மேட்டின் இடப்பக்கம் விழுந்த நிழல் இரண்டாவதில் வலப்பக்கம் விழுந்திருக்கும், கலந்தால் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். நான்கு திசையிலும் எடுத்தால் இன்னும் நல்லது. அப்போது அடி லேயரிலிருந்து மேலே ஒப்பாசிட்டி 100, 50, 33, 25 என்று வர வேண்டும், எல்லாவற்றுக்கும் 25 என்று போட்டால் கணக்குத் தப்பும்.

இதற்கும் மசியாத பேப்பரைக் கேமராவில்தான் எடுக்க வேண்டும். இரண்டு விளக்கு, 45 டிகிரியில் இரண்டு பக்கமும். விளக்குகளின் முன் போலரைசர் ஷீட், லென்ஸில் சர்க்குலர் போலரைசர். அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் மினுமினுப்பு அணைந்து படம் மட்டும் நிற்கும். பழைய கறுப்பு வெள்ளையின் இருண்ட பகுதிகளில் பாதரசம் பூசியதுபோல வரும் வெள்ளிப் பளபளப்பும் இதில் குறையும். வெறும் மொபைலில் எடுப்பது கடைசி வழி. 2016-ல் வந்த கூகுளின் ஃபோட்டோஸ்கேன் ஆப் ஒரே படத்தைப் பல இடத்திலிருந்து எடுத்துக் கோர்த்துக் கண்ணாடிப் பளபளப்பை நீக்குகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் பகிர அது போதும். சுவரில் மாட்ட வேண்டாம்.

ஸ்கேன் ஒழுங்காக வந்துவிட்டது. இனிப் பெரிதாக்கும் மென்பொருள். இலவசமாகக் கிடைப்பதில் அப்ஸ்கேல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை முயலலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், வல்கன் என்ற கிராபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் சிப் மட்டும் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே வேலை நடப்பதால் குடும்பப் படம் யாருடைய சர்வருக்கும் போகாது. உள்ளே இருப்பது ரியல்-ஈஎஸ்ஆர்கேன் வகை ஏஐ மாடல்கள். இவை படத்தில் உள்ளதைப் பெரிதாக்குவதோடு நிற்பதில்லை. இப்படி மங்கலாக இருந்தால் அசலில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. புடவைக் கரை, சட்டைக் கோடு, நாற்காலிப் பின்னல் இவற்றில் அந்த ஊகம் நன்றாகவே பலிக்கும். முகத்தில்தான் ஆபத்து. பேப்பரின் துகளைத் தோல் சுருக்கமாக எடுத்துக்கொள்ளும். திருநீற்றுப் பட்டை நெற்றி மடிப்பாகலாம். மூக்குத்தி கரைந்து நிழலாகலாம்.

முகத்தை மட்டும் சீராக்கும் ஜிஎஃப்பிகேன் போன்ற மாடல்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். இணையத்தில் ‘ஒரே கிளிக்கில் பழைய படம் புதிதாகும்’ என்று விற்கும் ஆப்களின் வேலையும் இந்த வகைதான். ஜிஎஃப்பிகேன் பயின்றது எஃப்எஃப்ஹெச்கியூ என்ற 70,000 முகங்களின் தொகுப்பில், அந்த முகங்கள் ஃபிளிக்கரிலிருந்து எடுத்தவை. உங்கள் பாட்டி அதில் இல்லை. மங்கலான கண்ணுக்குப் பதில் யாரோ ஒருவரின் அழகான கண்ணை வைத்துவிட்டுப் போகும். அம்மைத் தழும்பும் உதட்டோர மச்சமும் அதற்குக் குறைகள். சுவரில் மாட்டியதும் பேத்தி ‘இது யாரு?’ என்று கேட்கும் படம் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்?

அப்ஸ்கேலைக் கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்த முடியும். 1200-ல் எடுத்த மங்கலான ஸ்கேனை அப்படியே கொடுத்தால் அது எதையும் செய்யாது, இந்த மாடல்கள் பிக்சல் அளவிலேயே கூர்மையான படத்தை எதிர்பார்க்கின்றன. முதலில் படத்தில் உண்மையாக இருக்கும் விவர அளவுக்கு ஸ்கேனைச் சுருக்க வேண்டும். மினிலேப் பாஸ்போர்ட் படம் என்றால் அகலம் 450 பிக்சல் அளவுக்கு. அதை நான்கு மடங்காக்கினால் 1800. இதே அளவுக்கு, அசல் ஸ்கேனைக் கிம்ப்பில் கியூபிக் முறையில் (ஊகித்து எதையும் வரையாத வழக்கமான முறை) பெரிதாக்கிய இன்னொரு படத்தையும் தயார் செய்யுங்கள். கியூபிக் கீழே, அப்ஸ்கேல் மேலே. மேல் லேயரின் ஒப்பாசிட்டி 50-லிருந்து தொடங்கிப் பாருங்கள். லேயர் மாஸ்க் போட்டுக் கண், உதடு, மச்சம், மூக்குத்தி, திருநீறு உள்ள இடங்களில் மென்மையான பிரஷ்ஷால் கறுப்பு தடவினால் அங்கே அசல் தெரியும். முடி, துணி, பின்னணியில் அப்ஸ்கேல் இருக்கட்டும். கடைசியில் படம் முழுக்க லேசாக நாய்ஸ் ஃபில்டர் போடுங்கள். அசலும் ஊகமும் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒன்றாகிவிடும், பழைய படத்துக்கு உரிய ஃபிலிம் துகளும் திரும்பும். இந்த ஒரு படி பலருக்கும் தெரியாததால்தான் வெளியே போட்ட படங்கள் பிளாஸ்டிக்காக இருக்கின்றன. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் கியூபிக்குக்குப் பதில் ‘பிரிசர்வ் டீடெயில்ஸ் 2.0’ பயன்படுத்தலாம், அதன் நாய்ஸ் குறைப்பை மட்டும் 20-க்குக் கீழ் வையுங்கள்.

எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பது எங்கே மாட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல கண் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். பத்து அங்குலத்தில் கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அது அங்குலத்துக்கு சுமார் 340 பிக்சல். மூன்றடியில் சுமார் 95. ஆறடியில் 48. மினிலேப் பாஸ்போர்ட் படத்தின் 413 பிக்சல் அகலத்தை 8×10-ல் விரித்தால் அங்குலத்துக்கு 52 வரும், ஆறடித் தூரத்தில் எந்த ஊகமும் இல்லாமலே தாங்கும். 12×15-ல் 34 ஆகிவிடும், அங்கேதான் மென்மை தெரியத் தொடங்கி அப்ஸ்கேலின் துணை தேவைப்படுகிறது. ஹாலில் உயரத்தில் மாட்டும் படத்துக்கு 12×15 சரி. பூஜை அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதென்றால் 6×8-லேயே நிறுத்திக்கொள்வது படத்துக்கு மரியாதை. அதைச் சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் வைத்து 12×15 ஃப்ரேமில் போட்டால் சுவரும் நிறையும்.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அதைப் பார்ப்பவர்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்கள், 600 டிபிஐ ஸ்கேனைச் சுத்தம் செய்து அப்படியே கொடுத்தால் போதும்.

கடைக்குக் கொடுக்கும்போது ஜேபெக், தரம் 95-க்கு மேல், கலர் புரொஃபைல் எஸ்ஆர்ஜிபி. பென் டிரைவில் கொடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும், அதுவரை செய்த வேலை வீண். ஷார்ப்பனிங்கைக் கடைசி அளவில், ஒரே ஒருமுறை போடுங்கள். கிம்ப்பின் அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸ் 1.5 முதல் 2, அமவுண்ட் 0.5 என்று தொடங்கலாம். பேப்பர் மேட் ஆக இருக்கட்டும். கிளாஸியில் எல்லாக் குறையும் தெரியும். லேபில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல மறக்காதீர்கள்: “அண்ணே, ஆட்டோ கரெக்ஷன் போடாம அப்படியே அடிச்சுக் குடுங்க.” அதைச் சொல்லாவிட்டால் மெஷின் தானாக முகத்தை வெளுப்பாக்கும், மாநிறத்தில் இருந்தவர் சிவந்து வருவார். பெரிய அளவில் அடிப்பதற்கு முன் முகப் பகுதியை மட்டும் 4×6-ல் நிஜ அளவில் ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். அதைச் சுவரில் ஒட்டி, அவரோடு நெடுநாள் பழகிய யாரையாவது ஆறடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் மாஸ்க்கில் கண் பகுதிக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பு தடவ வேண்டும்.